படியில் இடமிருக்கிறதா?

1958இல் நியூயார்க்கின் ஹார்லெமில், ஒரு வீட்டு வாசற்படியில் ஜாஸ் கலைஞர்களை நிறுத்தி ஆர்ட் கேன் எடுத்த புகைப்படம் உலகப் பிரசித்தம். மொத்தம் 57 கலைஞர்கள். பெண்கள் மூன்றே பேர்: மேரி லூ வில்லியம்ஸ், மரியன் மெக்பார்ட்லண்ட், பாடகி மேக்சின் சல்லிவன். நடைபாதை விளிம்பில் கவுன்ட் பேஸியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் தெருப் பையன்கள்கூட அவர்களைவிட அதிகம். பையன்களை யாரும் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. சும்மா வந்து உட்கார்ந்தார்கள்.

அதே படத்தில் நிற்கும் தெலோனியஸ் மங்க், டிஸ்ஸி கில்லெஸ்பி எல்லாம் மேரி லூவின் வீட்டுப் பியானோவைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள். டியூக் எலிங்டனுக்கே இசைக்கோவை எழுதிக் கொடுத்த கை அது. ஆனாலும், 'பெண்ணாக இருந்தும் என்னமாய் வாசிக்கிறார்!' இந்த 'இருந்தும்' இருக்கிறதே, எந்தக் கச்சேரியிலும் தாளம் தப்பாமல் வந்து விழும்.

பில்லி டிப்டன் ஆணாக வாழ்ந்து, தன் பெயரிலேயே குழு நடத்திய பியானோக்காரர். பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்டவர் என்பது 1989இல் அவர் இறந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அதுவரை எந்த ரசிகர் காதுக்கும் சுருதி பேதம் தட்டவில்லை.

டிரம்மர் டெரி லின் கேரிங்டன் 2022இல், பெண்கள் இயற்றிய 101 உருப்படிகளைப் புத்தகமாக்கினார். 'பெண்களுக்கென்று தனிப் புத்தகமா, இது ஓரவஞ்சனை இல்லையா?' என்று கேட்க ஆளா இல்லை? மாணவர்கள் காலங்காலமாகப் புரட்டிய, அனேகமாக ஆண்களே நிறைந்த பழைய தொகுப்புக்கு 'ஆண்கள் புத்தகம்' என்று பெயர் வைத்துவிடவில்லை. 'ரியல் புக்' என்றுதான் வைத்தார்கள்.