பதினோராம் பருவம்: ஹாட் ராட் மாடலின் மாமல்லை மரபு

ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. காப்பில் தொடங்கிச் சிறுதேரில் முடியும். சிறுதேர் உருட்டியாயிற்று, பிள்ளைமை தீர்ந்தது என்று இலக்கணம் வகுத்தவர்கள் சுவடியைக் கட்டிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு காரின் பிளாஸ்டிக் கிட்டை இடுக்கியும் கையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஆண்மகனை அவர்கள் கண்டதில்லை. இந்தப் பதினோராம் பருவத்துக்கு இலக்கணம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை செங்கல்பட்டு மாவட்டம். வெளியே போகவேண்டிய தேவை அநேகமாக இல்லை: ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை, கடற்கரையில் மாமல்லையின் ஐந்து ரதங்கள், இரண்டுக்கும் இடையில் வேண்டிக்கொள்ளத் திருக்கழுக்குன்றம்.

ஹாட் ராட் என்பது யாதோ எனின், பழைய காரில் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிவிட்டு மிச்சத்தை வேகமாக ஓட்டுவது. 1930-களில் தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் மூரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இதைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வாய்த்த வரம் 1932 ஃபோர்டு: 221 கன அங்குல வி-8 எஞ்சின், 65 குதிரைத் திறன், ஏழைக்கு எட்டும் விலை. மட்கார்டு போயிற்று. கூரையை மூன்று அங்குலம் அறுத்து இறக்கினார்கள். பாடியைச் சேசிஸுக்கு இருபுறமும் வழியும்படி தாழ்த்தினார்கள். 1948 ஜனவரியில் இதற்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. பிறகு வந்தவர்கள் 'மரபு ஹாட் ராட்' என்று ஒரு பிரிவு கண்டு, அந்தக் காலத்துப் பொருள் தவிர வேறு ஆகாது என்று விதித்தார்கள். ரேடியல் டயர் தீட்டு. பளபளக்கும் நவீன அலுமினியச் சக்கரம் மகாபாதகம். ஆகமம் அறிந்த எந்தத் தமிழருக்கும் இது புதிதாகத் தோன்றாது.

அற்றேல், முழு அளவிலேயே ஒன்று கட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டலாகாதோ எனின், ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆம் பிரிவு. அதன்மேல் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து அடிப்படையாக மாற்றிய வண்டி சாலைக்கு உதவாது. கூரையை அறுத்த காரோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிறவர் பேருந்தில் திரும்பவேண்டியிருக்கும். ஆக, ஒரு குடிமகன் சட்டத்துக்கு உட்பட்டுக் கூரை அறுக்கத்தக்க அளவு இருபத்தைந்தில் ஒரு பங்குதான். இங்கே மாடல்தான் அசல். இதை மேலைநாட்டு ஆய்வாளர் எவரும் சிந்திக்க நேரவில்லை. அவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இருபத்தைந்தா, இருபத்துநான்கா என்பதில் மட்டும் வடகலை தென்கலை போல ஒரு தீராத வழக்கு உண்டு. மோனோகிராம் கம்பெனியார் 1/24. ஏ.எம்.டி.யார் 1/25. முன்னவருக்கு அடிக்கு அரை அங்குலம் என்று கணக்குச் சுலபம். பின்னவரோ நூறில் நான்கு என்பார். 1932 ஃபோர்டின் 106 அங்குல அச்சிடைத் தூரம் 1/25-இல் 10.8 செ.மீ. ஆகும், அறுக்கவேண்டிய மூன்று அங்குலக் கூரை 3 மி.மீ. ஆகிவிடும். 3 மி.மீ. அறுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும், அறுத்ததை வீட்டாருக்கு விளக்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

இவ்வளவு நுண்மைக்கு நம்மிடம் அளவுகோல் உண்டா என்று ஐயுறுவார்க்கு: பழைய நீட்டலளவை வாய்பாட்டில் எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை, அப்படியே மயிர், மணல், கடுகு, எள், நெல் என்று எட்டெட்டாகப் பெருகி விரலில் வந்து நிற்கும். பெருக்கிப் பார்த்தால் ஒரு விரலுக்கு 20,97,152 தேர்த்துகள். வண்டி ஓடினால் எழும் புழுதியையே அளவையின் இரண்டாம் படிக்கட்டில் வைத்தவர்கள் நாம். இதன் பயன் பெயின்ட் அடிக்கும்போது விளங்கும். ஈரப் பெயின்டில் விழும் 0.2 மி.மீ. தூசு, இருபத்தைந்தால் பெருக்க, அசல் காரின் பானெட்டில் ஐந்து மி.மீ. ஜல்லியாக நிற்கும். மின்விசிறியை நிறுத்தினால் வேர்வை சொட்டும். இரண்டில் எது குறைந்த கேடு என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை.

இனி ரதங்கள். அவற்றைக் கோயில் என்பார் கோயில் என்க, சிற்பம் என்பார் சிற்பம் என்க. நாம் ஸ்கேல் மாடல் என்கிறோம். ஒரே பாறையில் செதுக்கிய மண்டபத்துக்கு உத்தர முனை எதற்கு? கூடு எதற்கு? பாரம் தாங்க அல்ல. மரத்தால் கட்டிய மூலத்தில் அவை இருந்தன, ஆகவே நகலிலும் இருக்கவேண்டும் என்ற பிடிவாதம். மின்சாரம் பாயாத ஸ்பார்க் பிளக்குக்குத் தையல் நூலால் எட்டு வயர் இழுப்பவனுக்கும் இதே பிடிவாதம்தான். மேலும், ஐந்தும் ஓரச்சு அல்ல. திரௌபதி ரதம் குடிசைக் கூரை. பீம ரதம் வண்டிக்கூடு கவிழ்த்தாற்போல் நீளக் கூரை. தருமராச ரதம் மூன்று தளம். நகுல சகாதேவ ரதம் தூங்கானை மாடம். ஐயம் கொள்வார்க்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஒரு கல்யானை. ஏ.எம்.டி.யார் ஒரு பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்ட வழி வைத்து விற்றதைப் புதுமை என்பர். பல்லவர் ஒரு பாறைத் தொடரில் ஐந்து வைத்தார்கள். பாண்டவர் பெயர் பிற்காலத்தார் ஒட்டிய ஸ்டிக்கர். தருமராச ரதத்துக் கல்வெட்டு அதை அத்யந்தகாம பல்லவேச்சுரம் என்றுதான் அழைக்கிறது.

சக்கரம் இல்லாததை வண்டி என்பது எங்ஙனம் எனின், நல்ல கடா. ரதங்களை உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கினார்கள். அடிப்பகுதி வருமுன் வேலை நின்றுபோயிற்று. முற்றுப்பெறாத அடித்தளத்தில் சக்கரத்தைத் தேடுவது முறையன்று. பொதுவாக முதலாம் நரசிம்மவர்மன் காலத்து வேலை என்பர். அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கல்மண்டபத்துக்குச் சக்கரமும் குதிரையும் பூட்டியவன் 12-ஆம் நூற்றாண்டில் தாராசுரத்தில் கோயில் எடுத்த இரண்டாம் இராசராசன். மல்லையில் பிரித்த பெட்டிக்கு உதிரிபாகம் வந்துசேர ஐந்நூறு ஆண்டு. அதுவும் வேறு வம்சத்தின் முகவரிக்கு. வெளிநாட்டிலிருந்து டயர் வரவழைத்துச் சுங்கத்தில் சிக்கியவர்கள் இந்தக் கால அளவை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

பிளாஸ்டிக் கிட்டோ நேர்மாறு. அதன் தாளில் முதல் படி எஞ்சின். அங்கிருந்து மேலே ஏறவேண்டும். ஆகவே பல்லவ மரபில் சக்கரம் வருவதில்லை, ஃபோர்டு மரபில் கூரை வருவதில்லை. கூரை வராத கூபேக்கு ரோட்ஸ்டர் என்று பெயர் மாற்றி அலமாரியில் ஏற்றுவது தொழில் ரகசியம்.

பொருள்கள் பற்றிச் சிறிது. புகைக்குழாய்க்குத் தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில் போதும்: 3 மி.மீ. தடிமன் இருபத்தைந்து மடங்கில் 7.5 செ.மீ., ஏறக்குறைய மூன்று அங்குலம், கச்சிதம். சந்துக்குப் பட்டி பார்ப்பதும் வாட்டர் பேப்பர் தேய்ப்பதும் எந்த டிங்கரிங் பட்டறையிலும் கற்கலாம். மகளின் நெயில் பாலிஷை நேரே பூசவேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரினைத் தின்றுவிடும், மகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாள். ஐப்பசி கார்த்திகையில் கடற்கரை ஊரில் லாக்கர் ஸ்ப்ரே எடுப்பது வீண். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கறுப்பு பெயின்ட் சாம்பல் பூத்துவிடும். பூத்தபின் 'இது பழைய பிரைமர் தோற்றம், வேண்டுமென்றே செய்தது' என்று சொல்லும் மரபு ஒன்று உண்டு. அதைக் குற்றம் என்று கொள்ளாதது சான்றோர் வழக்கு.

கிட்டு மரபு முழு அளவிலும் செல்லுபடியாகிறதா என்று சோதிக்க மறைமலை நகரே ஆய்வுக்கூடம். ஃபோர்டு அங்கே 1999-இல் ஐகானைக் கட்டத் தொடங்கியது, பிறகு ஈகோஸ்போர்ட். 2021 செப்டம்பரில் நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி இறங்கியது. 2025-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறது. கார் செய்வதற்கு அல்ல, எஞ்சின் மட்டும். தாளில் முதல் படி.