மூணு படி ஏற எத்தனை புஸ்தகம்லே?

எய்யா பேராண்டி, நீ போன்ல சொன்னதைக் கேட்டு எனக்கு வெத்தலை புரையேறிட்டு. "தாத்தா, அப்பா சித்தப்பாவை மன்னிக்கணும், அதுக்கு நல்ல புஸ்தகமாத் தேடுதேன்"னு சொல்லுதே. தேடு ராசா, தேடு. உங்கப்பன் கடைசியாக் கையில எடுத்த புஸ்தகம் எது தெரியுமா? பம்புசெட்டு மோட்டாரோட வந்த குறிப்புப் புஸ்தகம். அதையும் ரெண்டு பக்கம் புரட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டான்.

என்ன பெரிய சண்டை? வெட்டுக்குத்தா, வரப்புத் தகராறா? உன் சித்தப்பன், மக கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்துல வச்சு நேர்ல குடுக்காம வாட்சப்புல அனுப்பிட்டான். அதுலயும் உங்கப்பன் பேரு மச்சினன் பேருக்குக் கீழ போயிட்டு. அன்னைக்குப் பிடிச்சது, ஆறு வருசமாச்சு. "அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன், அவன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்." கல்யாணம் முடிஞ்ச பிள்ளைக்குப் பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடமும் போகுது. பத்திரிகை மை மட்டும் உங்கப்பன் நெஞ்சுல இன்னும் காயலை. வாட்சப்புல வந்ததுக்கு ஏது மைன்னு கேக்காத. அவன்கிட்ட கேளு.

நீ அனுப்புன பட்டியலை உன் தங்கச்சி வாசிச்சுக் காட்டினா. அமெரிக்காவுல பிரெட் லஸ்கின்னு ஒருத்தராம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துல மன்னிப்புக்குன்னே ஆராய்ச்சி நடத்துனவராம். மன்னிக்க ஒன்பது படிங்காரு. எவரெட் வொர்த்திங்டன் அஞ்சு போதும்ங்காரு. ராபர்ட் என்ரைட் இருபது படி கட்டியிருக்காரு. தென்னாப்பிரிக்காவுல 1984ல நோபல் பரிசு வாங்குன பிஷப்பு டெஸ்மாண்ட் டூட்டு, மகளோட சேந்து 2014ல எழுதுன புஸ்தகத்துல நாலே படி. ஆக நாலு, அஞ்சு, ஒன்பது, இருபது. உன் சித்தப்பன் வீட்டு வாசல்ல எத்தனை படி? மூணு. கொத்தனார் பக்கத்துல நின்னு கட்ட வச்சவன் நாந்தாம்லே.

அவங்களை நான் கேலி பண்ணலை, கேட்டியா? அந்த வொர்த்திங்டனோட அம்மாவை, வீட்டுக்குள்ள திருட வந்தவன் அடிச்சே கொன்னுட்டான். ஊருக்குப் படி கட்டுன மனுசன் தானே அதுல ஏறிப் பாக்க வேண்டி வந்துட்டு. அது வேற பாடு. வாட்சப்புப் பத்திரிகைக்கு அந்த ஏணியைத் தூக்கிட்டு வாரியே, வெக்கமா இல்லை?

உள்ளூர்ச் சரக்கு வேணும்னா வள்ளுவர் இருக்காரு. 16வது அதிகாரம் பொறையுடைமை, பத்துக் குறள். புரட்டுனா 17வது அழுக்காறாமை. பொறுமைக்கு அடுத்த வீடே பொறாமை! அண்ணன் தம்பி குடும்பத்தை அக்கம்பக்கத்துல இருந்து பாத்த ஆளுதான் இப்படி அடுக்க முடியும். அந்தப் பத்தையும் உங்கப்பன் பள்ளிக்கூடத்துல ஒப்பிச்சவன்தான். மார்க்கும் வாங்கினான்.

ஆனா அந்த பிஷப்பு கதையை உன் தங்கச்சி சொன்னப்ப நான் வெத்தலையைத் துப்பிட்டுக் கேட்டேன். சின்ன வயசுல, அப்பா குடிச்சுட்டு வந்து அம்மாவை அடிக்கதைப் பாத்து நின்ன பையன் அவரு. வளந்து பெரிய ஆளான பொறவு ஒரு நாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத் திரும்புற வழியில அப்பா வீட்டுக்குப் போறாரு. "உன்கிட்டப் பேசணும்"ங்காரு அப்பா. நெடுந்தூரம் வண்டி ஓட்டின களைப்பு, தலைவலி வேற. "காலையில பேசிக்கிடலாம்பா"ன்னுட்டு இவரு வேற இடத்துல போயிப் படுத்துட்டாரு. விடியக்காலம் தாக்கல் வந்துட்டு. அப்பா போயிட்டாரு. என்ன சொல்ல நினைச்சாரோ? உலகத்துக்கே மன்னிப்புச் சொல்லிக் குடுத்த மனுசனுக்கு அது தெரியாமலே போச்சு.

அவரு நாலாவது படியில ஒண்ணு வச்சிருக்காரு பாரு, அது விவரமான படி. ஒறவைப் புதுப்பிக்கலாம், இல்லைன்னா விட்டு விலகலாம். மாட்டைத் திருடினவனை மன்னிச்சாலும் தொழுவத்துச் சாவியை எதுக்குக் குடுக்கணும்? உன் சித்தப்பன் மாடு திருடலை. சோம்பேறி. அம்புட்டுத்தான்.

சரி, உங்கப்பன் கோவத்தை எங்க கொட்டுவான்? பாரதத்துல சண்டை முடிஞ்ச பொறவு திருதராட்டிரன் பீமனைக் கட்டிப்பிடிக்கக் கூப்பிடுதான். நூறு பிள்ளையைப் பறிகுடுத்த கை. கண்ணன் பீமனைப் பின்னால இழுத்துட்டு இரும்புப் பொம்மையை முன்னால தள்ளுதான். கிழவன் அதை நொறுக்கிட்டு, பொறவு "ஐயோ பீமா"ன்னு அழுதான். பொம்மை நொறுங்குன பொறவுதான் அவனுக்கு நிசப் பீமனைத் தடவிக் குடுக்க முடிஞ்சுது. புஸ்தகம் தேடுதவன் முதல்ல ஒரு பொம்மை தேடணும்லே.

இன்னொண்ணு கேளு. "உன்னை மன்னிச்சுட்டேன்"னு நம்ம ஊர்ல எவனாவது சொல்லிக் கேட்டிருக்கியா? சினிமாவுல சொல்லுவான். இங்க அதுக்குப் பேரு "சாப்ட்டியா?" அதுவும் மூஞ்சியைப் பாத்துக் கேக்க மாட்டான். மோட்டாரைப் பாத்துட்டோ மாட்டைப் பாத்துட்டோ கேப்பான். எலையைப் போட்டு, கை நனைச்சாச்சுன்னா வழக்கு முடிஞ்சுது. 

இப்ப என் பாட்டைக் கேளு. நான் மாசம் ஒருத்தன் வீட்டுல முறை வச்சுச் சாப்பிடுதவன். ஆறு வருசமா என்னைப் பார்சல் மாதிரி பிள்ளையார் கோயில் முக்குல பெரியவன் இறக்கி விட்டுட்டுப் போறான். அவன் வண்டிச் சத்தம் ஓஞ்ச பொறவு சின்னவன் வந்து ஏத்திக்கிடுதான். நான் செத்தா அன்னைக்கு ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுவானுங்க, தெரியும். அதைப் பாக்க நான் இருக்க மாட்டேனே, அது எனக்கு நட்டம் இல்லையா?

ஒண்ணாந் தேதி சின்னவன் வண்டி பஞ்சர். நேத்தே அவன்கிட்டப் பேசிட்டேன். எனக்கு அன்னைக்கு மூட்டுவலி, முக்குல நிக்க முடியாது. பெரியவன்தான் வாசல் வரைக்கும் கொண்டுவரணும். வழி முச்சூடும் தம்பியைத் திட்டிக்கிட்டே வருவான். வரட்டும், இரும்புப் பொம்மை பின் சீட்டுலதானே இருக்கும். வாசல்ல இறங்குனா மூணு படி. கைத்தாங்கல் இல்லாம நான் எப்படிலே ஏறுவேன்?

புஸ்தகத்தை நீ வாங்கிப் படி. இப்ப சித்திக்கு ஒரு போன் போட்டு, அன்னைக்கு ஒரு உழக்கு அரிசி கூடப் போடச் சொல்லிரு.