பெயர் கிடைக்காதோரின் பணிவான விண்ணப்பம்

பெறுநர்: ஐகான் ஆட்சிக்குழுவினர், லாஸ் ஏஞ்சலிஸ், கலிபோர்னியா.

பொருள்: பிறர் முன்பே பதிந்துகொண்ட டொமைன் பெயரைப் பெற வழி வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சிக்குழுவினருக்கு, விரும்பிய இணையப் பெயர் கிடைக்காத மனுதாரர்கள் பணிவுடன் தெரிவித்துக்கொள்வதாவது:

1998 முதல் இணையப் பெயர்களின் ஒழுங்கைக் காத்துவரும் ஐகானின் ஆளுகையில், முந்திப் பதிந்தவருக்கே பெயர் என்பது பொதுவிதி. டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு எடுக்கலாம் என்றாலும், கட்டணம் செலுத்தும் வரை அதை எத்தனை தடவையும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதால், குத்தகை என்று சொல்லப்படுவது நடைமுறையில் பரம்பரைப் பாத்தியதை ஆகிவிடுகிறது. அம்முகவரியில் கடை நடக்கிறதா, ‘விற்பனைக்கு’ என்ற பலகை மட்டும் தொங்குகிறதா என்று எவரும் வினவாத பெருந்தன்மையை மனுதாரர்கள் வியந்து போற்றுகின்றனர்.

முறையீட்டுக்கு வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1999இல் ஐகான் ஏற்றுக்கொண்ட தகராறுத் தீர்வு நெறியின்படி, அப்பெயர் தமது வணிகமுத்திரையோடு குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமையில்லை, அவர் தீயநோக்குடன் பதிந்து பயன்படுத்துகிறார் ஆகிய மூன்றையும் முறையிடுபவர் நிறுவவேண்டும். ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவர் இதை விசாரிக்கவே கட்டணம் 1,500 டாலர். பாடகர் ஸ்டிங் தம் புனைபெயரிலான முகவரியைக் கேட்டு 2000இல் முறையிட்டபோது, அது ஆங்கிலத்தில் எவரும் வழங்கும் பொதுச்சொல் என்பதும் கருதப்பட்டு அவர் தோற்றார். உலகப்புகழே செல்லாத இடத்தில் மனுதாரர்களின் தெருப்புகழ் எம்மாத்திரம்? வென்றாலும் பெயர் மாற்றித்தரப்படும் அல்லது நீக்கப்படும், அவ்வளவே. பதுக்கியவருக்கு அபராதம் கிடையாது. முத்திரையைக் காட்டி எளியவரின் பெயரைப் பறிக்க முயன்ற பெருநிறுவனத்தின் செயல் முறைகேடு என நடுவர் அறிவித்தாலும் அதற்கும் அபராதம் கிடையாது என்பதால், நெறியின் நடுநிலைமையில் குறைகாண இயலாது.

எஞ்சிய வழி காத்திருத்தல். காலாவதியான பெயர், சலுகைக்காலம் கழிந்து நீக்கப்பட்ட பின்னும், பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணத்தில் மீட்டுக்கொள்ள 30 நாளும், அழிப்புக்காக 5 நாளும் கிடந்து, அதன்பின்னரே பொதுவுக்கு வருகிறது. ஆனால் விடுபடும் பெயர்களைக் கணினிகொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் பிடிப்பதையே தொழிலாக்கிய நிறுவனங்களுள் சில, பெயர் பதிந்துதரும் ‘பதிவாளர்’ என்ற அங்கீகாரத்தை, ஒன்றுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வீதம் ஐகானுக்குச் செலுத்தி, நூற்றுக்கணக்கில் வாங்கி வைத்திருந்திருக்கின்றன. ஒருவரே நூறு பேராக நிற்கும் வரிசையிலும் முந்தியவருக்கே முதலிடம் என்னும் விதி எள்ளளவும் மீறப்படவில்லை என்பது கவனத்திற்குரியது.

ஆகவே, பெயரைப் புதுப்பிக்கையில் அது எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு கேள்வியேனும் கேட்குமாறும், விடுபடும் பெயருக்கான வரிசையில் ஓர் உரிமையாளரை ஒரே ஆளாக எண்ணுமாறும் மனுதாரர்கள் வேண்டுகின்றனர். இவை விதிக்கு முரணானவை எனில், விதி வழுவாமலே குறைதீர, மனுதாரர் ஒவ்வொருவருக்கும் நூறு பதிவாளர் அங்கீகாரங்களை, ஆண்டுக் கட்டணத்தை முற்றிலும் தள்ளுபடி செய்து, வழங்கி உதவுமாறு கோருகின்றனர்.

இப்படிக்கு,
பெயர் கிடைக்காதோர்