கூடம் முதல் கொல்லை வரை: வீடு கட்டுவோர் கேள்வி-பதில்

30-க்கு 40 மனை. மூன்று பெட்ரூம், ஹால், டைனிங், பூஜை அறை, ஸ்டோர் ரூம், போர்டிகோ எல்லாம் வேண்டும் என்று எழுதி எஞ்சினியரிடம் கொடுத்துவிட்டேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?
– வாசகர், திருவாரூர்

முக்கியமானதை இன்னும் சொல்லவே இல்லை ஐயா. நீங்கள் கொடுத்தது அறைகளின் பட்டியல். அவருக்குத் தெரிய வேண்டியது உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது. காலையில் யார் முதலில் எழுகிறார்? அவர் பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வரும்போது தூங்குகிறவர்களைத் தாண்டித்தான் வர வேண்டுமா? ஏழரை மணிக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு பாத்ரூம் வேண்டும்? ஸ்கூல் பை எங்கே கிடக்கும், ஹெல்மெட் எங்கே தொங்கும், ஐப்பசி மழையில் நனைந்து வருகிறவர் குடையை எங்கே விரித்து வைப்பார்? துவைத்த துணி எந்த வழியாக மாடிக்குப் போகும்? இரவு கேட்டைப் பூட்டிவிட்டு வருகிறவர் விளக்கை அணைத்த பிறகு எத்தனை அடி இருட்டில் நடக்கிறார்?

வீட்டில் யார் அதிகம் வேலை செய்கிறாரோ அவர் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். அநேகமாக அது உங்கள் வீட்டம்மாவாக இருக்கும். பிளான் பேச்சு நடக்கும்போது அவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இந்த முறை அவர் உட்கார்ந்து பேசட்டும், காபியை நீங்கள் போடுங்கள்.

சுற்றிலும் விட வேண்டிய இடம் போக, சுவர்கள் எடுத்துக்கொள்வது போக, 1,200 சதுர அடி மனையின் தரைத்தளத்தில் நீங்கள் கேட்டது அத்தனையும் தாராளமாக வராது. ஒரு பெட்ரூமை மாடிக்கு அனுப்புங்கள். ஸ்டோர் ரூமுக்குப் பதில் சமையலறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி வையுங்கள். அரிசி மூட்டைக்குத் தனி அறை தேவையில்லை.

பிளானில் பெட்ரூம் 10-க்கு 10 என்று இருக்கிறது. போதுமா?
– வாசகி, மன்னார்குடி

அந்த 10 எங்கிருந்து எங்கே வரை என்று முதலில் கேளுங்கள் அம்மா. சுவரின் நடுவிலிருந்து எதிர்ச்சுவரின் நடுவரை என்றால், 9 அங்குலச் சுவருக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று 9 அங்குலம் போய்விடும். பூச்சுக்கு ஓர் அங்குலம். மிச்சம் 9 அடி 2 அங்குலம். கட்டில் ஆறரை அடி. கால்மாட்டில் 2 அடி ஆழத்தில் அலமாரி. கூட்டிக் கழித்தால் நடக்க இருப்பது 8 அங்குலம். அலமாரிக் கதவே ஒன்றரை அடி அகலம், அது திறக்காது. பட்டுப்புடவை எடுக்க வேண்டுமென்றால் கட்டிலை நகர்த்த வேண்டும்.

அதனால் பிளானில் அறையின் அளவைப் பார்க்கும் முன், சாமான்களை அளவோடு வரைந்து தரச் சொல்லுங்கள். கட்டிலைச் சுற்றி நடமாட இரண்டரை அடி விடுங்கள். ஒரு பக்கம் நீள 12 அடி கிடைத்தால் அறை வாழும். தூண் போட்டுக் கட்டுகிற வீடு என்றால் உள்சுவர்களை நாலரை அங்குலமாக வைக்கலாமா என்று கேளுங்கள், ஒவ்வொரு சுவரிலும் நாலரை அங்குலம் திரும்பக் கிடைக்கும். கதவை மூலையில் ஒட்டவைக்காமல் இரண்டு அடி தள்ளி வைத்தால், அந்த மூலைச் சுவர் நெடுக அலமாரி அழகாக உட்காரும். காசே ஆகாத மாற்றம் இது. பிளானில் ரப்பரால் அழித்து மறுபடி கோடு போட்டால் போதும்.

ஓப்பன் கிச்சன் வேண்டும் என்கிறாள் மகள். தாளிப்பு வாசனை ஹாலுக்கு வரும் என்கிறார் அவள் அப்பா. நான் யார் பக்கம்?
– வாசகி, ஈரோடு

சமைக்கிறவர் பக்கம். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமையலறையை நான்கு சுவருக்குள் அடைத்தால், எல்லோரும் கூடத்தில் பேசிச் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் உள்ளே தனியாக வேகிறார். முழுக்கத் திறந்துவிட்டால் மிளகாய் வறுக்கிற அன்று வீடே இருமுகிறது, மிக்ஸி ஓடும்போது பிள்ளை படிக்க முடியாது. நடுவில் இடுப்பளவு சுவரும் அதற்குமேல் இழுத்து மூடும் கண்ணாடி ஜன்னலும் வையுங்கள். பேசும்போது திறந்திருக்கும், வடை சுடும்போது மூடியிருக்கும். தட்டுகளும் அந்த வழியாகவே டைனிங்குக்குப் போகும்.

இதைவிடப் பெரிய விஷயம் மேடையின் உயரம். எல்லா வீட்டுக்கும் மேஸ்திரி ஒரே உயரம் வைத்துவிட்டுப் போய்விடுவார். சமைக்கிறவரை நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 அங்குலம் குறைத்தால் வருவது மேடையின் உயரம். ஐந்தடி உயரமுள்ளவருக்குச் சுமார் 2 அடி 8 அல்லது 9 அங்குலம் வரும். டைல்ஸ் போடாத தரையிலிருந்து அளந்துவிட்டால் கணக்கு தப்பிவிடும் என்பதையும் மேஸ்திரியிடம் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் மேடை வருகிறது என்றால் நடுவில் நாலு அடி விடுங்கள். ஒருவர் குனிந்து கீழ் அலமாரியைத் திறக்கும்போது இன்னொருவர் கொதிக்கிற குக்கரோடு பின்னால் போக வேண்டியிருக்கும்.

கிரைண்டருக்கு நிரந்தரமாக ஓர் இடம், அதன் தலைக்கு மேலேயே பிளக் பாயிண்ட், அதிலிருந்து கை எட்டும் தூரத்தில் சிங்க். இது மூன்றும் சேர்ந்திருந்தால் வீட்டில் இட்லி மாவு தவறாது. சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரையை ஒட்டி ஒரு காற்றுவழி கட்டாயம் வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தங்கும், மேலே இருக்கிற வெண்டிலேட்டர் அதற்கு உதவாது.

மாமனார், மாமியார் எங்களோடுதான் இருக்கப்போகிறார்கள். அவர்களுக்குக் கீழே அட்டாச்டு பாத்ரூமோடு அறை கொடுக்கிறோம். அது போதும்தானே?
– வாசகி, தென்காசி

கீழே கொடுப்பது நல்ல ஆரம்பம் தாயே. பாத்ரூம் கதவை ஒருமுறை அளந்து பாருங்கள். நம் ஊரில் பாத்ரூமுக்கு இரண்டரை அடி நிலை வைப்பதுதான் வழக்கம். சட்டம் இரண்டு பக்கமும் 3 அங்குலம் எடுத்துக்கொண்டால், போக வர இருப்பது 24 அங்குலம். சாதாரண சக்கர நாற்காலியே ஏறத்தாழ 26 அங்குலம். இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பெரியவரை அந்த வாசலில் இறக்கி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோகிற கஷ்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். நிலையை மூணேகால் அடி முதல் மூன்றரை அடி வரை வையுங்கள். கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை விழுந்தவரே அடைத்துக்கொண்டு கிடப்பார். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி வாங்குங்கள். வாசலில் படியோ உயர்ந்த விளிம்போ வேண்டாம். சரிவு கொடுத்தால் தண்ணீர் அறைக்குள் வராது. குளிக்கிற இடத்திலும் க்ளோசெட் பக்கத்திலும் கைப்பிடி வரப்போகிற சுவரை முழுச் செங்கலில் கட்டச் சொல்லுங்கள், உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியது அது. தலைமாட்டில் இருந்தபடியே பாத்ரூம் விளக்கைப் போட டூ-வே சுவிட்ச் வேண்டும்.

இதெல்லாம் அவர்களுக்கு மட்டும் இல்லை. கால் சுளுக்கிய நாளில் உங்களுக்கும் இந்தக் கைப்பிடிதான் துணை.

வாஸ்துப்படி பெரிய பெட்ரூம் தென்மேற்கில் வருகிறது. அது சூடான மூலை என்கிறார் எஞ்சினியர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், திருநெல்வேலி

நம்பிக்கையை விட வேண்டாம். எஞ்சினியர் சொல்வதும் உண்மை. மதியத்துக்கு மேல் மேற்குச் சுவர் வாங்குகிற வெயிலை இரவெல்லாம் அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அறையை அங்கேயே வைத்து, மேற்குச் சுவர் முழுக்க அலமாரி கட்டுங்கள். துணிகள் வெப்பத்தைத் தடுக்கும், நீங்கள் தூங்கலாம். வெளியே இடமிருந்தால் ஒரு புங்கன் கன்று வையுங்கள். மேற்கு ஜன்னலைச் சிறிதாக்கி, தெற்கு ஜன்னலைப் பெரிதாக்குங்கள்.

பெரும்பாலோர் மறப்பது கூரையை. ஏப்ரலில் நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சென்னையில் அது ஏப்ரல் கடைசி வாரம். அதன்பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிவெயில் வடக்கே சற்றுச் சாய்ந்தே விழுகிறது. எந்த மூலையில் படுத்தாலும் மேலே இருப்பது மொட்டைமாடி. தட்டோடோ வெள்ளை டைல்ஸோ போடாமல் வெறும் காங்கிரீட்டாக விட்டால் எட்டு மூலையும் கொதிக்கும்.

மாடிப்படி உள்ளேயா, வெளியேயா?
– வாசகர், சேலம்

மாடியில் இருக்கப்போவது உங்கள் பிள்ளை என்றால் உள்ளே, வாடகைக்கு என்றால் வெளியே. எதுவானாலும் படிக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு 19 செ.மீ.க்கு மேல் உயரமும் 25 செ.மீ.க்குக் குறைந்த மிதியும் கூடாது என்கிறது. அது கடைசி எல்லை. 7 அங்குல உயரம், 10 அங்குல மிதி என்றால் நிறைகுடத்தோடும் ஏறலாம். பத்தரை அடி உயரத்துக்கு 18 படி. நடுவில் திரும்புகிற படியாகப் போட்டால் ஆறரைக்குப் பத்தடி இடம் எடுக்கும். இடம் மிச்சம் என்று படியைச் செங்குத்தாக்கினால் முழங்கால் தினமும் திட்டும். படிக்கு மேல் பக்கச் சுவரில் செங்கல் ஜாலி வைத்தால் வீட்டுச் சூடு அந்த வழியாக வெளியே போகும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்து வீடுகளில் ஜாலியை நிறையவே பயன்படுத்தினார்.

பிளான் அப்ரூவல் ஆன்லைனில் உடனே கிடைக்கிறதாமே?
– வாசகர், காஞ்சிபுரம்

ஆமாம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, முதல் தளம் வரையில் கட்டும் வீட்டுக்கு அப்படிக் கிடைக்கும். அனுமதி சீக்கிரம் வந்துவிட்டதே என்று கடைக்காலை நாளைக்கே தோண்டிவிடாதீர்கள். மிச்சமான நாட்களைப் பிளானைத் திருத்துவதில் செலவழியுங்கள்.

இந்தக் காலத்தில் திண்ணை தேவையா?
– வாசகி, கும்பகோணம்

செருப்பு மாட்ட, கூரியர் வாங்க, காய்கறிக்காரரோடு பேசிக்கொண்டே கீரை ஆய, பாட்டி தெருவைப் பார்க்க. இத்தனைக்கும் ஒன்றரை அடி அகலமும் உட்கார நிழலும் போதும். கட்டாயம் வையுங்கள்.

கார் இப்போது இல்லை. போர்டிகோவுக்கு எவ்வளவு விடலாம்?
– வாசகர், திண்டுக்கல்

சின்ன கார்கள் பெரும்பாலும் 4 மீட்டருக்குள், அதாவது 13 அடிக்குச் சற்று மேல். 16-க்கு 10 அடி விட்டால் கதவைத் திறந்து குழந்தையை இறக்கலாம். தூண் கார் கதவுக்கு நேரே வராமல் பாருங்கள். கார் வரும்வரை அதுவே துணி காயவைக்கும் மழைக்கால இடம்.

நாளை மேஸ்திரி மனையில் மார்க் போட வருகிறார். கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், பட்டுக்கோட்டை

வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுண்ணாம்புக் கோடு விழுந்ததும் அதைச் சுவராக நினைத்து நடந்து பாருங்கள். சமையலறைக் கோட்டுக்குள் அம்மா நின்று திரும்பட்டும். பெட்ரூம் கோட்டுக்குள் பாயை விரித்து நீங்கள் படுத்துப் பாருங்கள். பையன் ஸ்கூட்டியை ஓட்டிவந்து நிறுத்தட்டும். வெறும் மனையில் எல்லா அறையும் சிறிதாகத்தான் தெரியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். டேப்பை நம்புங்கள், கூடவே உடம்பு இடிக்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓரடி நகர்த்த வேண்டும் என்று பட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தூண் நகர்வதாக இருந்தால் எஞ்சினியரைப் போனில் கேட்டுவிட்டு. மேஸ்திரி முகம் சுளித்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். நாளைக்கு அவர் நகர்த்தப்போவது வெறும் கயிறு.