கேள்விக்குறி அண்ணை

முன்பெல்லாம் வன்னியில் ஊருக்கொரு பெட்டிசம் எழுதுகிறவர் இருப்பார். அந்த இடத்துக்கு இப்போது லினக்ஸ் கேர்னல் கோட் பார்க்கிறவர் வந்திருக்கிறார். அறிவியல் நகரில் 2014இல் பொறியியல் பீடம் தொடங்கியது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே ஏ9 வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் லப்டொப்பைத் திறந்து வைத்து, "இல்லை, இல்லை" என்று தனக்குள் தலையாட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். அண்ணை அடுத்தவர் எழுதிய கோட்டைப் பார்க்கிறார். மூன்று வரி மாற்றத்துக்கு முப்பது வரிக் கேள்வி. "நான் பார்த்தேன், சரி" என்று கீழே பெயர் போட அவருக்கு மனம் வருவது அமாவாசைக்கு ஒருக்கால்.

நம்பாததற்கு நியாயமும் உண்டு. லினக்ஸில் ஒரு புரோகிராமை ஓடவிட்டால், கேர்னல் அந்தக் கோப்பின் முதல் 256 பைட்டுகளை எடுத்துப் பார்க்கும். 7எஃப் என்ற பைட்டும் பின்னால் ஈ, எல், எஃப் என்ற மூன்று எழுத்தும் இருந்தால் ஒரு வகை. ஹாஷும் ஆச்சரியக்குறியும் இருந்தால் ஸ்கிரிப்ட். ஒன்றிலும் சேராவிட்டால் கையை விரித்துவிடும். "என்னில் இத்தனை பகுதி, இன்ன முகவரி, இவ்வளவு நீளம்" என்று கோப்பே தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்தால் போச்சு. பொல்லாதவன் ஒருவன் பென்னாம்பெரிய எண்ணை எழுதி வைத்திருப்பான். முகவரியோடு நீளத்தைக் கூட்டும்போது அது நிரம்பி வழிந்து சின்ன எண்ணாகிவிடும். வரம்புச் சோதனையும் ஏமாந்துபோகும்.

இந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தங்கைக்குச் சம்பந்தம் கொண்டுவந்த புரோக்கர் சாதகத்தை நீட்டினார். அண்ணை முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"ஐயா, பிறந்த நேரம் ஆர் பாத்தது?"

"ஆஸ்பத்திரியிலை எழுதினதுதான் தம்பி."

"அங்கத்தை மணிக்கூடு சரியெண்டு ஆர் பாத்தது?"

புரோக்கர் தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போனார். தாய்க்குக் கோபம்.

"தாலி கட்டினாப் பிறகு பிழை கண்டா என்ன செய்யிறது அம்மா?" என்றார் அண்ணை.

கேர்னலிலும் அப்படியொரு கட்டம் இருக்கிறது. புதிய புரோகிராமை ஏற்றப் பழையதன் நினைவகத்தைக் கழற்றிவிட்டால் திரும்பி வர வழியில்லை. அதற்குப் பிறகு பிழை வந்தால், "பிழை" என்று சொல்லிக் கேட்கப் பழைய புரோகிராம் இல்லை. புரொசஸைக் கொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றையும் முன்னுக்கே பார் என்பது அவருடைய கொள்கை. தங்கை இன்னும் வீட்டில்தான்.

ஆனால் அண்ணையின் உண்மையான பிரியம் ஸ்டாக்கைப் பின்னோக்கி அவிழ்ப்பதில். கேர்னல் விழுந்தால், எந்த ஃபங்ஷனை எது கூப்பிட்டது, அதை எது கூப்பிட்டது என்று ஸ்டாக்கில் கிடக்கும் திரும்பும் முகவரிகளைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போக வேண்டும். பழைய முகவரிகளும் அழியாமல் அங்கேயே கிடந்து குழப்பும். உறுதிப்படாததற்கு முன்னால் லினக்ஸ் ஒரு கேள்விக்குறியை அச்சிட்டுவிடும். டுவாஃப் என்ற டீபக் தகவலை வைத்து அவிழ்க்கும் கோட்டை 2006இல் சேர்த்தார்கள். அதுவே புதுப் பிழைகளைக் கொண்டுவர, அதே வருடம் லினஸ் டோர்வால்ட்ஸ் தூக்கி எறிந்தார். ஜோஷ் பொய்ம்போஃப் எழுதிய ஓர்க் என்ற மாற்று, 2017 நவம்பரில் 4.14 பதிப்போடுதான் வந்தது. இந்தக் கதையை அண்ணை சாவீட்டிலும் சொல்லுவார்.

போன மாரியில், இரணைமடுக் குளத்துக் கதவைத் திறக்கப்போகினமாம் என்று சந்தையெல்லாம் கதை. சனம் நெல்மூட்டையைத் தூக்கி உயரத்தில் வைக்கத் தொடங்கிவிட்டது. அண்ணை கொப்பியும் பேனையுமாக இறங்கினார். மரக்கறிக்காரிக்கு ஆர் சொன்னது? மீன்காரர். மீன்காரருக்கு? பஸ் கொண்டக்டர். கொண்டக்டருக்கு? முறிகண்டியில் கச்சான் விற்கிற ஆச்சி. விடாமல் முறிகண்டிக்கே போனார்.

"ஆச்சி, உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஆச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானே மோனை? நேற்று இதிலை நிண்டு, கதவு திறந்தா என்ன நடக்கும், அதை ஆர் செக் பண்ணினது எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீர்!"

அண்ணை சலனப்படவில்லை. பட்டியலின் அடியில் தன் பெயரை எழுதி, அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறியையும் போட்டார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல மாப்பிள்ளை யாராவது இருந்தால் அறியத் தாருங்கள். சாதகத்தோடு, பிறந்த நேரத்துக்குச் சாட்சியாக இரண்டு பேரையும் கூட்டி வர வேண்டும்.