பயிற்சிக் காலம்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதி. வழிகாட்டி ஆசிரியை அதற்கு வைத்திருக்கும் பெயர் விடுதலை. பயிற்சி மாணவி வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் பதிவேற்றக் கிளம்பிவிடுவார்.

"டீச்சர், நான் பாடம் எடுத்ததைப் பாத்தீங்களா?"

"சத்தமே வரலையேம்மா, நல்லாத்தான் எடுத்திருப்ப!"

போடி ஏலத்தில் ஏலக்காயைக்கூட உள்ளங்கையில் கொட்டி, நிறமும் பருமனும் பார்த்த பிறகே விலை கேட்கிறார்கள். பாடக்குறிப்பேட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. கடைசி நாளில், டீ ஆறுவதற்குள், மொத்தப் பக்கமும் கையெழுத்தாகிவிடும். தேதிகள் மட்டும் கவனமாக வேறு வேறு.

மாணவி ராத்திரி கண்விழித்து வரைந்த சார்ட்டுகள் பள்ளிக்கே சொந்தம். ஆய்வுக்கு அதிகாரி வரும்போது சுவரில் ஏற வேண்டுமல்லவா? மூலையில் அவள் பெயர் இருந்த இடத்தில் ஒரு பூப்படம் ஒட்டியிருக்கும்.