வாசல் தெருவின் மறுமுனை

கேள்வி: குடும்பத்தோடு ஒரு பழைய சுரங்கம் பார்க்க ஆசை. எழுவான்கரையில் மணல்மேட்டைத் தவிர வேறு மேடே கிடையாது. எந்தப் பக்கம் போவது? (களுதாவளை)

பதில்: வாசலுக்கு வாருங்கள், வழி அங்கேயே தொடங்குகிறது. களுதாவளையை ஊடறுத்துப் போகும் ஏ4 பெருந்தெருவை விடாமல் பிடித்தால் இரத்தினபுரி. சுமார் 300 கிலோமீற்றர். பொத்துவில் வரை கடல் கூடவே வரும். பிறகு மேற்கே திரும்பி மொனராகலை, வெல்லவாய. அதற்கப்பால் வேன் மூச்சு வாங்கத் தொடங்கும், பின்சீட்டில் மாமி எலுமிச்சம்பழம் தேடுவார். ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். சித்திரை விடுமுறையென்றால் சுரங்கத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மலைப்பக்கம் பின்னேரம் இடிமழை பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: இரத்தினபுரியில் சுரங்கம் என்கிறார்கள், போனவர்கள் வயல்தான் பார்த்தோம் என்கிறார்களே? (தேற்றாத்தீவு)

பதில்: இருவர் சொல்வதும் சரி. மாணிக்கம் பிறந்தது மலைப்பாறையில். பாறை உக்கி உதிர, மழையும் ஆறும் அதை அள்ளிவந்து பள்ளத்தாக்கில் படியவிட்டன. மேலே சேறு, அதன்மேல் நெல். அடியில் கிடக்கும் அந்தச் சரளைப் படுகைக்குச் சிங்களத்தில் பெயர் ‘இல்லம்’. நமக்கு இல்லம் என்றால் வீடு. அங்கே மாணிக்கத்தின் வீடு!

குழியைப் பார்த்ததும் களுதாவளைத் தோட்டக்காரருக்குத் தன் கிணறு நினைவுக்கு வரும். நம் மணலில் சில முழம் தோண்டினாலே தண்ணீர் வந்து நிற்கும், நமக்குச் சந்தோஷம். அங்கே தண்ணீர்தான் எதிரி. பத்து, பதினைந்து மீற்றர் இறங்கிய குழியில் ஊறும் நீரை மெசின் இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்கும். சுவர் சரியாமலிருக்க மரக்குற்றிகளைச் சட்டமாக அடுக்கி, இடைவெளியில் பன்னம் இலைகளைத் திணித்திருப்பார்கள். இலை தண்ணீரைக் கசிய விடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பொறியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தச் சுவருக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கவையுங்கள். பிறகு சரளையைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றி அலசுவதைப் பாருங்கள். நம் அம்மம்மா அரிசி அரித்துக் கல்லைப் பிரித்த அதே கைவாகு. இவர்கள் கல்லுக்காக அரிக்கிறார்கள்.

கல் கிடைத்தால் காணிக்காரர், மெசின்காரர், இறங்கித் தோண்டியவர் என்று பங்கு பிரியும். கிடைக்காவிட்டால் தோண்டியவருக்குச் சாப்பாடும் சிறு கைச்செலவும்தான். மாதக்கணக்கில் வெறுங்கையோடு ஏறி வருகிறவர்கள் உண்டு. நான் உங்களை அனுப்புவது இவர்களைப் பார்க்கத்தான்.

கேள்வி: பென்சிலுக்குள் இருக்கும் ஈயத்துக்கும் இலங்கையில் சுரங்கம் உண்டா? (தரம் 6 மாணவி, குருக்கள்மடம்)

பதில்: உண்டு மகள், ஆனால் அது ஈயமே இல்லை! தமிழில் காரீயம் என்றோம், வெள்ளைக்காரன் ஈயம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிளம்பாகோ என்றான். இரண்டு பேரும் நிறத்தைப் பார்த்து ஏமாந்தோம். அது வெறும் கரி என்று 1779இல் ஷீலே என்ற வேதியியலாளர் காட்டினார். வைரமும் அதே கரிதான்.

கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கம் 1847இல் தொடங்கியது. இன்று 400 மீற்றருக்கும் கீழே போய்விட்டது. குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ இருக்கிறது. பாறை வெடிப்புகளில் நரம்புபோல ஓடும் இந்தக் காரீயம் தூய்மையில் உலகப் பெயர் பெற்றது. உலோகம் உருக்கும் மூசை செய்ய உகந்தது என்பதால் முதலாம் உலகப் போரில் கப்பல் கப்பலாகப் போனது. அந்தச் செல்வத்தில் உயர்ந்த குடும்பங்களில் ஒன்றுதான் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் குடும்பம். 1949இல் அவர் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், அதில் வந்த குடியேற்றங்களும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதும் உன் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கேட்டுப் பார். ஒரு பென்சில் எவ்வளவு தூரம் எழுதும் என்பது விளங்கும்.

இவை வேலை நடக்கும் சுரங்கங்கள். முன்கூட்டியே நிர்வாகத்துக்கு எழுதி அனுமதி வாங்காமல் வேனைத் திருப்ப வேண்டாம்.

கேள்வி: வழியில் எங்கே நிற்கலாம்? (செட்டிபாளையம்)

பதில்: தியலும நீர்வீழ்ச்சி தெருவிலிருந்தே தெரியும், பிள்ளைகள் கத்துவார்கள், நிறுத்துங்கள். கொஸ்லாந்தையிலும் கொஞ்சம் நில்லுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தத் தோட்டத்து லயன்கள் மீது மலை சரிந்தது. மண்ணுக்குள் போனவர்கள் நம் மொழி பேசும் தொழிலாளர் குடும்பங்கள். படம் எடுக்காமல் ஒரு நிமிடம் நின்றால் போதும்.

கேள்வி: மாணிக்கம் மலிவாக வாங்கலாமா? சுரங்கத்துக்கு என்ன கொண்டு போக வேண்டும்? (களுவாஞ்சிக்குடி)

பதில்: தெருவோரத்தில் யாராவது காகிதப் பொட்டலம் பிரித்துக் காட்டினால் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பரிசோதனைச் சான்றிதழ் இல்லாத கல்லுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

குழி விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், உள்ளே இறக்கவே இறக்காதீர்கள். கேட்காமல் யார் காணிக்குள்ளும் கால் வைக்காதீர்கள். அங்கே மரியாதையாகப் பேச்சைத் தொடங்க வெற்றிலை கொடுப்பார்கள். அது நம் ஊரில் விளைவதுதானே? புறப்படும் அன்று விடியப்புறம் தோட்டத்தில் ஆய்ந்த வெற்றிலையில் ஒரு கட்டை ஈரச்சாக்கில் சுற்றி வேனில் வையுங்கள். குழியிலிருந்து ஏறி வருகிறவரின் கையில் முதலில் அதைக் கொடுங்கள்.